மறைந்தவரை விமர்சிக்க அனுமதி தேவையில்லை. அவர் கடிதங்களை அச்சிட அனுமதி தேவை

வாசகர் கடிதத்தின் சாரம்:

தென்மாவட்ட நகரம் ஒன்றிலிருந்து கல்லூரி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அங்குள்ள வாசகர் வட்டத்தின் செயலாளர் அவர். வட்டத்தைத் தொடங்கி வைத்த பேராசிரியர் சென்ற மாதம் காலமானார். கட்டுரையாளர், மொழிபெயர்ப்பாளர், ஊரறிந்த பேச்சாளர். வாழ்நாளில் பெரும்பகுதி இடதுசாரி மேடைகளில் நின்றவர், கடைசிப் பத்தாண்டுகளில் இட ஒதுக்கீட்டுக்கு எதிராகத் தொடர்ந்து எழுதினார். எதிர்முகாமின் தேர்தல் மேடையில் ஏறினார். அரசு வாரியம் ஒன்றில் பொறுப்பும் பெற்றார். வட்டத்தில் பாதிப் பேர் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். கடிதம் எழுதியவரும் அதில் ஒருவர்.

இப்போது வட்டம் ஒரு படத்திறப்பும் கருத்தரங்கும் நடத்தி, நினைவு மலர் ஒன்றையும் வெளியிட விரும்புகிறது. மலரில் பேராசிரியர் இவருக்கு எழுதிய 12 கடிதங்கள், அவர் மொழிபெயர்த்த இரண்டு சிறுகதைகள், 2009-இல் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம், நாளிதழில் வந்த அவரது புகைப்படம் ஆகியவை இடம்பெறும். உள்ளூரில் இருக்கும் மகளுக்குச் சம்மதம். வெளிநாட்டிலிருக்கும் மகன், “எங்கள் அனுமதியில்லாமல் அப்பா பெயரில் எதுவும் நடத்தக் கூடாது, யாராவது தப்பாகப் பேசினால் மானநஷ்ட வழக்குப் போடுவேன்” என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறார். உள்ளூர்க் கட்சிப் பிரமுகர் போலீசில் புகார் கொடுப்பேன் என்கிறார். மண்டபத்துக்காரருக்குக் காவல் நிலையத்திலிருந்து ஒரு போனும் வந்துவிட்டது. இதற்கிடையே, வாரியப் பொறுப்புக்குப் பணம் கைமாறியது என்று மேடையில் சொல்லியே தீருவேன் என்கிறார் வட்டத்து இளைஞர் ஒருவர். செத்தவரை அவதூறு செய்ய முடியாது, அதனால் பயமில்லை என்பது அவர் வாதம். மகனைப் பற்றிய பயத்தில், விமர்சனமே இல்லாமல் கூட்டத்தை முடித்துவிடலாமா என்பது சகோதரியின் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பயப்பட வேண்டிய இடம் ஒன்று, பயந்துகொண்டிருக்கும் இடம் வேறொன்று. கூட்டத்தில் பேசப்படும் விமர்சனத்தை நினைத்துத் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள். மலரைப் பற்றி ஒரே வரியில், ‘கடிதங்கள் எனக்கு எழுதியவைதானே, அதில் பிரச்சினை இல்லை’ என்று கடந்துவிட்டீர்கள். சட்டத்தில் நிலைமை நேர் எதிர். மறைந்தவரின் பொதுவாழ்க்கையை விமர்சிக்க உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அவருடைய கடிதத்தை அச்சிட, அவருடைய வாரிசுகள் எல்லோருடைய அனுமதியும் தேவை.

முதலில் மகனின் முதல் வரி. ஒருவர் பெயரில் நினைவுக் கூட்டம் நடத்தும் உரிமை குடும்பச் சொத்து அல்ல. மறைந்தவரின் நற்பெயரும் அந்தரங்கமும் வாரிசுகளுக்குச் சொத்தைப்போல் இறங்கி வருவதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கிறது. ஜெயலலிதாவின் வாழ்க்கையை வைத்து எடுக்கப்பட்ட படத்தை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தொடர்ந்த வழக்கு அது. நஷ்டஈடு கேட்கும் உரிமையியல் வழக்கிலும் இதே நிலைதான். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 306-ஆம் பிரிவு, அவதூறுக்கான வழக்குரிமை அந்த நபரோடு முடிந்துவிடுகிறது என்கிறது. ஆகவே, அப்பாவின் மானத்துக்கு இத்தனை லட்சம் என்று மகன் கேட்க வழியில்லை. அவர் மிரட்டலில் பாதி இங்கேயே விழுந்துவிடுகிறது.

மறுபாதி விழவில்லை. அங்கேதான் உங்கள் இளைஞர் தவறுகிறார்.

செத்தவரை அவதூறு செய்ய முடியாதா?

முடியும், குற்றவியல் சட்டத்தில். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவாக இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் முதல் விளக்கம் இறந்தவரைப் பற்றியது. இரண்டு கூறுகள் சேர்ந்திருக்க வேண்டும். அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்தக் குற்றச்சாட்டு அவர் பெயரைக் கெடுத்திருக்க வேண்டும். குடும்பத்தாரின் அல்லது நெருங்கிய உறவினரின் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு அது சொல்லப்பட்டிருக்கவும் வேண்டும். முதல் கூறு மட்டும் இருந்தால் குற்றமாகாது. நோக்கம் என்ற அந்த இரண்டாவது கூறை நிரூபிப்பதில்தான் இத்தகைய வழக்குகள் திணறும். தண்டனை இரண்டாண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை.

இந்தக் குற்றத்துக்குப் போலீஸ் எஃப்ஐஆர் போட முடியாது. பாதிக்கப்பட்டவரே குற்றவியல் நடுவர் முன் தனிப்புகார் கொடுக்க வேண்டும் என்கிறது, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 222-ஆம் பிரிவு. நடுவர் அதை விசாரணைக்கு எடுக்கும் முன்பே உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 223-ஆம் பிரிவு புதிதாகச் சேர்த்திருக்கிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றம். புகார் கொடுக்க மூன்றாண்டு அவகாசம் உண்டு என்பதால், கூட்டம் முடிந்த மறுநாளே ஆபத்து தீர்ந்தது என்று எண்ண வேண்டாம்.

கட்சிப் பிரமுகர் இந்தப் படத்திலேயே வரமாட்டார். அவர் உறவினர் இல்லை. இதில் நம் ஊர் வழக்கு ஒன்றே முன்மாதிரி. 1971 ஜனவரியில் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டின் தீர்மானத்தைத் திரித்து வெளியிட்டதாகப் பத்திரிகைகள் மீது மாநாட்டு வரவேற்புக் குழுத் தலைவர் அவதூறு வழக்குப் போட்டார். மாநாடு என்பது அடையாளம் காணக்கூடிய நபர்களின் குழு அல்ல, புகார்தாரர் பாதிக்கப்பட்ட நபரும் அல்ல என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நடிகை குஷ்பு மீது பல ஊர்களில் போடப்பட்ட 23 புகார்களை அதே நீதிமன்றம் 2010-இல் ரத்து செய்தபோதும், புகார் கொடுத்தவர்கள் ‘பாதிக்கப்பட்டவர்கள்’ அல்ல என்பது முக்கியமான காரணம். கட்சிக்காரருக்கு மனம் புண்படலாம், அது வழக்காகாது.

கருத்துக்கும் குற்றச்சாட்டுக்கும் நடுவே

356-ஆம் பிரிவில் பத்து விதிவிலக்குகள் உண்டு. உங்கள் கூட்டத்துக்கு இரண்டு போதும். பொதுப் பிரச்சினை தொடர்பான ஒருவரின் நடத்தையைப் பற்றி நல்லெண்ணத்தோடு எந்தக் கருத்தும் சொல்லலாம் என்பது மூன்றாவது விதிவிலக்கு. பொதுமக்களின் தீர்ப்புக்கு ஆசிரியரே முன்வைத்த படைப்பின் தரத்தைப் பற்றிப் பேசலாம் என்பது ஆறாவது. இரண்டுமே அவருடைய குணத்தைப் பற்றிப் பேசவும் இடம் தருகின்றன, ஆனால் அந்த நடத்தையில், அந்தப் படைப்பில் தெரிகிற அளவுக்கு மட்டும். அதற்கு மேல் ஓர் அடியும் கூடாது.

ஆறாவது விதிவிலக்குக்குச் சட்டமே உதாரணம் தருகிறது. ‘இவர் புத்தகம் அசட்டுத்தனமானது, இவர் பலவீனமான மனிதராகத்தான் இருக்க வேண்டும்’ என்றால் பாதுகாப்பு உண்டு. ‘இவர் புத்தகம் இப்படி இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை, ஏனென்றால் இவர் பலவீனமானவர், ஒழுக்கம் கெட்டவர்’ என்றால் இல்லை. முதலாவதில் புத்தகத்தைப் படித்து மனிதருக்குப் போகிறோம். இரண்டாவதில் வெளியே எங்கோ கிடைத்த மனிதரைக் கொண்டுவந்து புத்தகத்தின் மேல் வைக்கிறோம். இந்த உதாரணத்தை ஒரு தாளில் எழுதி உங்கள் பேச்சாளர்கள் ஒவ்வொருவரிடமும் கொடுங்கள். சட்டப் புத்தகத்தில் இதைவிட நல்ல விமர்சனப் பாடத்தை நான் பார்த்ததில்லை.

இதை உங்கள் ஊர்ச் சங்கதிக்குப் பொருத்திப் பாருங்கள். ‘இட ஒதுக்கீடு பற்றி அவர் இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதியதும் பின்னால் எழுதியதும் ஒன்றையொன்று மறுக்கின்றன, எதனால் மாறினார் என்று அவர் கடைசிவரை விளக்கவில்லை’ என்று சொல்லலாம். ‘அந்தத் தேர்தல் மேடையில் ஏறியது அவர் கற்பித்த அரசியலுக்கு எதிரானது’ என்று சொல்லலாம். ‘துரோகம்’ என்ற சொல்கூட, எதற்குத் துரோகம் என்று காட்டப்படும்போது கருத்துதான். அந்தச் சொல்லை நான் தவிர்ப்பேன், அது என் ருசி. ‘வாரியப் பொறுப்புக்குப் பணம் கொடுத்தார்’ என்பது கருத்தே அல்ல. நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம். உண்மை என்றால் முதல் விதிவிலக்கு காப்பாற்றும், ஆனால் அது உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, பொதுநலனுக்காகவும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். நிரூபிக்கும் பாரமும் சொன்னவர் தலையில். இளைஞரிடம் ஆவணம் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘எல்லோருக்கும் தெரியும்’ என்பது ஆவணம் அல்ல.

அவர் யோசிக்காத இன்னொன்றும் உண்டு. பணம் கொடுத்தார் என்றால் வாங்கியவர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் உயிரோடு இருக்கிறார். அவருக்கு நோக்கத்தையெல்லாம் நிரூபிக்கும் சிரமம் இல்லை. ஓராண்டுக்குள் நஷ்டஈட்டு வழக்கும் போடலாம், குற்றவியல் புகாரும் கொடுக்கலாம். இறந்தவரை விமர்சிக்கும் கூட்டங்களில் வழக்கு பெரும்பாலும் இப்படித்தான், பேச்சின் ஓரத்தில் பெயர் அடிபட்ட உயிருள்ளவர் பக்கத்திலிருந்து வருகிறது.

‘நல்லெண்ணம்’ என்பதைச் சட்டம் மனத்தூய்மை என்று புரிந்துகொள்ளவில்லை. உரிய கவனத்தோடும் அக்கறையோடும் செய்ததா என்றுதான் பார்க்கிறது. எனவே விமர்சகர்கள் கட்டுரையின் பெயர், இதழ், ஆண்டு சொல்லிப் பேசட்டும். எழுதிக்கொண்டு வரட்டும், அந்தத் தாள்களை வாங்கிக் கோப்பில் வையுங்கள். நேரலை வேண்டாம். பதிவு செய்து, பார்த்து, பிறகு யூடியூபில் ஏற்றுங்கள். மேடையில் தவறி வந்த ஒரு வாக்கியம் மேடையோடு போகும். அதை ஏற்றியவர் நீங்கள் என்றால் வெளியிட்டவரும் நீங்கள்தான். வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு நீங்கள் அட்மின் என்பதால் மட்டும் அடுத்தவர் பதிவுக்குப் பொறுப்பாக மாட்டீர்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் கரூர் வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. அதே பதிவை நீங்களே வேறு குழுவுக்கு அனுப்பினால் கதை வேறு.

மலர்: இங்கேதான் கவனம்

கடிதங்கள் உங்களுக்கு வந்தவை. தாள் உங்களுடையது, அதை வைத்திருக்கலாம், ஏலத்தில் விற்கலாம், ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம், கிழித்தும் போடலாம். அதில் எழுதப்பட்ட வாக்கியங்களின் பதிப்புரிமை எழுதியவருடையது. அவர் இறந்த கணத்தில் அது மறையவில்லை, வாரிசுகளுக்குப் போய்விட்டது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வாழும்போதே வெளியான எழுத்துக்கு, இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். உதாரணமாக, 2015 ஏப்ரலில் மறைந்த ஜெயகாந்தன் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்துகளுக்கு 2075 டிசம்பர் 31 வரை உரிமை இருக்கும். வெளியாகாத கடிதம் போன்றவற்றுக்கு, முதலில் வெளியாகும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் 60 ஆண்டுக் கணக்கே தொடங்குகிறது.

‘விலையில்லாமல்தானே கொடுக்கிறோம்’, ‘அவர் பெயரைப் போட்டுத்தானே அச்சிடுகிறோம்’ என்ற இரண்டும் அனுமதிக்கு மாற்று ஆகாது. இலவசம் என்பது தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு ஒரு காரணமாகலாம், அவ்வளவே. மாறாக, இந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுக் குற்றம் போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடக்கூடியது, ஜாமீனில் விட முடியாத வகை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அவதூறுக்கு நேர் எதிர். மூன்றாண்டு வரை சிறை. இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஏழாண்டுக்குட்பட்ட தண்டனை என்பதால் முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதே முறை, உடனே கைது என்று அலற வேண்டாம். ஆனால் ‘அறிந்தே’ மீறியிருக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவின் நிபந்தனை. மகனின் வாட்ஸ்அப் செய்தி உங்கள் போனில் இருக்கிறது. தெரியாமல் செய்துவிட்டோம் என்று இனி சொல்ல முடியாது. அவர் விமர்சனத்தைத் தடுக்க அனுப்பிய செய்தி அங்கே பயனற்றது. இங்கே அது அவருக்கு நல்ல சாட்சி.

மகளின் சம்மதம் போதுமா? உயில் இருந்தால் அதில் யாருக்கு என்று பாருங்கள். இல்லாவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் தாய் ஆகியோர் சமபங்குதாரர்கள். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் மட்டும் அனுமதி கொடுத்தால் மற்றவரின் உரிமை கட்டுப்படாது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். வாய்வார்த்தை கூடாது, உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு பக்கம் போதும். எந்தக் கடிதங்கள் (தேதி வாரியாக), எந்த மலர், எத்தனை பிரதி, அச்சு மட்டுமா பிடிஎஃப்பும் உண்டா, பணம் உண்டா இல்லையா என்று எழுதுங்கள். பிடிஎஃப்பை விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. முந்நூறு பிரதிக்கு அனுமதி வாங்கிவிட்டு, அடுத்த வாரம் எல்லாக் குழுக்களிலும் கோப்பு சுற்றும்.

மகன் மறுத்தால்? கடிதங்களை முழுதாக அச்சிடாதீர்கள். அவற்றைப் பற்றி எழுதுங்கள். எந்த ஆண்டு, எந்தச் சூழலில், என்ன விவாதம், அவர் நிலைப்பாடு என்ன என்று உங்கள் சொற்களில் எழுதலாம். கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, வெளிப்பாட்டுக்குத்தான். விமர்சனம், மதிப்புரை என்ற நோக்கத்தில் நியாயமான அளவு மேற்கோள் காட்டவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. பத்து சதவீதம் வரை எடுக்கலாம், முந்நூறு சொல் வரை எடுக்கலாம் என்று பதிப்பாளர்களிடையே உலவும் கணக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. எதற்காக எடுத்தோம், எவ்வளவு எடுத்தோம், மூலத்தின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இதுவரை வெளிவராத எழுத்து என்றால் கை இன்னும் சிக்கனமாக இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே. உங்கள் பட்டியலைப் பார்த்தால், அவர் பழைய நிலைப்பாட்டில் இருந்த காலத்துக் கடிதங்களை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தேர்வு உங்கள் உரிமை. ஆனால் ஒரு கடிதத்தின் உள்ளே சங்கடமான பத்தியை வெட்டி, வெட்டிய தடமே தெரியாமல் ஒட்டினால், படைப்பைச் சிதைத்து ஆசிரியரின் பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தியதாக வாரிசுகள் 57-ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடரலாம். விட்ட இடத்தில் புள்ளிகள் வையுங்கள், அடிக்குறிப்பில் சொல்லுங்கள். அவரை உங்களுக்குப் பிடித்த ஆண்டோடு நிறுத்தி நினைவுகூர்வது சட்டப்படி குற்றம் அல்ல. மகனுக்கு வரும் கோபத்தில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

மற்றவை விரைவாக. மொழிபெயர்ப்புச் சிறுகதைகளுக்கு இரட்டைப் பூட்டு: மொழிபெயர்ப்பின் உரிமை பேராசிரியரின் வாரிசுகளிடமோ, அவர் எழுதிக் கொடுத்திருந்தால் பதிப்பகத்திடமோ இருக்கும், மூலக் கதையின் உரிமை மூல ஆசிரியருடையது. இந்த இரண்டையும் மலரிலிருந்து எடுத்துவிடுங்கள், இவ்வளவு அலைச்சலுக்கு அவை தேவையில்லை. 2009 உரையை வட்டமே பதிவு செய்திருந்தாலும், பொது உரையின் முதல் உரிமையாளர் பேசியவர்தான். ஒலிநாடா உங்களுடையது, சொற்கள் அவருடையவை. ஆகவே அதுவும் வாரிசுகளின் அனுமதிக் கடிதத்தில் சேரட்டும். நாளிதழ்ப் படத்துக்கு நாளிதழிடம் எழுதிக் கேட்க வேண்டும். அதைவிட, ஸ்டூடியோவில் அவரே பணம் கொடுத்து எடுத்துக்கொண்ட படம் மகளிடம் இருந்தால் எளிது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால் அதன் உரிமை எடுக்கச் சொன்னவருக்கே.

கூட்டத்தில் வாசிப்பது வேறு விஷயம். வெளியான நூலிலிருந்து நியாயமான பகுதியைப் பொது இடத்தில் வாசிக்கச் சட்டமே விலக்கு தருகிறது. ஆகவே அவர் நூல்களிலிருந்து மேடையில் தாராளமாக வாசியுங்கள், நீங்கள் ஏற்காத பக்கங்களையும் சேர்த்து. ‘வெளியான’ என்ற நிபந்தனையால் கடிதங்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

கூட்டத்தை எப்படி அமைப்பது

நான் உங்கள் இடத்தில் இருந்தால் படத்திறப்பையும் கருத்தரங்கையும் ஒரே மேடையில் வைக்க மாட்டேன். படத்திறப்புக்குக் குடும்பம் வரும், முன்வரிசையில் உட்காரும். மாலை போட்ட கையோடு விமர்சகர் மைக்கைப் பிடித்தால், ‘புண்படுத்தும் நோக்கம்’ என்று வாதாட மகனுக்கு நீங்களே சூழலை அமைத்துத் தருகிறீர்கள். ஒரு நாள் படத்திறப்பு, அரைமணி நேரம், புகழஞ்சலி மட்டும். குறைந்தது ஒரு மாதம் கழித்து, ‘எழுத்தும் அரசியலும்’ என்பதுபோல் பொருளைத் தெளிவாகச் சொல்லும் தலைப்பில் கருத்தரங்கு. அழைப்பிதழில் யார் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று அச்சிடுங்கள். மகளிடம் முன்கூட்டியே காட்டுங்கள். அனுமதிக்காக அல்ல, அதிர்ச்சி இல்லாமல் இருக்க. அவர் பெயரைச் சம்மதமின்றி அழைப்பிதழில் போடாதீர்கள். ‘குடும்பத்தினர் சார்பில்’ என்ற சொல்லே வேண்டாம். பேராசிரியரின் மாறிய நிலைப்பாட்டை ஏற்பவர் ஒருவரையும் பேச அழையுங்கள். அவர் வராவிட்டாலும் அழைத்த கடிதம் கோப்பில் இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு வகை முன்மாதிரிகளும் உண்டு. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, அரை நூற்றாண்டு எதிரணியில் நின்ற பெரியார் தள்ளாத வயதில் சக்கர நாற்காலியில் இறுதிச் சடங்குக்கு வந்து அழுதார். ராஜாஜியின் கொள்கை எதையும் அதற்காக அவர் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1969-இல் அண்ணா மறைந்து ஊரே துக்கத்தில் இருந்தபோது, இரங்கல் கூட்டத்திலேயே அவரைக் கடுமையாக விமர்சித்துப் பேசினார் ஜெயகாந்தன். அந்தப் பேச்சும் இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. இரண்டும் சட்டத்துக்கு உட்பட்டவையே. இறப்பையே கொண்டாடுவது மூன்றாவது வகை. 2014-இல் கன்னட எழுத்தாளர் அனந்தமூர்த்தி இறந்தபோது கர்நாடகத்தின் சில இடங்களில் பட்டாசு வெடித்தார்கள். இறுதிச் சடங்குக்குக் கூடியிருப்பவர்களுக்கு மனம் புண்படும்படி இடையூறு செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம். உங்கள் வட்டத்தில் அப்படி யாரும் இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

கடைசி வருடங்களில் அவரோடு பேசாமல் இருந்த நீங்கள் பேசலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இது வக்கீலிடம் கேட்கும் கேள்வி இல்லை. கேட்டதால் சொல்கிறேன்: பேசலாம். பேச்சை நிறுத்தியதையும் எதனால் என்பதையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அவர் எழுத்துக்குப் போங்கள்.

மண்டபமும் போலீசும்

நடைமுறையில் இப்படிப்பட்ட கூட்டங்கள் நீதிமன்றத் தடையால் நிற்பதில்லை. மண்டபத்துக்காரருக்கு வரும் ஒரு போனால் நிற்கின்றன. அவர் முந்தின நாள் மாலை, ‘மோட்டார் ரிப்பேர், தண்ணீர் இல்லை’ என்பார். அதனால் முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள், தேதியும் நேரமும் எழுதிய ஒப்புதல் கடிதம் வாங்குங்கள், இன்னொரு இடத்தையும் பேசி வையுங்கள். நூலக அரங்கு, பள்ளி அரங்கு என்றால் அரசியல் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காவல் நிலையத்துக்கு நீங்களே முந்திக்கொண்டு ஒரு தகவல் கடிதம் கொடுங்கள். இடம், நாள், நேரம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, பேச்சாளர் பட்டியல், உள்ளரங்கக் கூட்டம், ஊர்வலம் இல்லை என்று எழுதி, நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் எஸ்பி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். சாலைக் கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும்தான் காவல் சட்டத்தின் 30-ஆம் பிரிவுக் கட்டுப்பாடுகள் பெரிதாக வரும்; வெளியே கூம்பு ஒலிபெருக்கி கட்டினால் தனி அனுமதி வேண்டும், ஆகவே கட்டாதீர்கள். தெருவில் ஃபிளெக்ஸ் வைக்க உள்ளாட்சி அனுமதி வேண்டும். மண்டப வாசலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அமைதிப் பேச்சுவார்த்தை என்று அழைத்து, விமர்சனம் இருக்காது என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால், அங்கேயே போட்டுவிடாதீர்கள். வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வரலாம். எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் 2015 ஜனவரியில் நாமக்கல்லில் இப்படி எழுதி வாங்கிய உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்றைக் கோப்பில் வைத்திருங்கள், ஆய்வாளரிடம் மரியாதையாகக் காட்டலாம்.

அனுமதி மறுப்பு என்றால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்துவிட்டால் மதுரைக் கிளையில் ரிட் மனு போட ஒரு காரணம் கையில் இருக்கும். போன் பேச்சை வைத்து மனு போடுவது கடினம். மனு எண்ணாகி, பட்டியலில் வந்து, அரசு வக்கீல் விவரம் கேட்டுச் சொல்ல நாட்கள் பிடிக்கும். ஆகவே தகவல் கடிதத்தைக் கருத்தரங்குக்கு மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். மகனுக்கு அனுப்ப வேண்டிய அனுமதிக் கடிதத்தின் வரைவை அதற்கும் முன்னால், இந்த வாரமே அனுப்புங்கள். அவர் வாட்ஸ்அப்பில் எழுதியதற்குப் பதில் எதுவும் எழுதாமல், தனியாக, மின்னஞ்சலில்.